ஆங்கில இலக்கணத்தில் அட்ஜங்ட்: ஒரு கருத்தின் வரலாறு

ஆங்கில வாக்கியத்தில் ஒரு செயல் எப்போது, எங்கே, எப்படி, ஏன், எந்த அளவுக்கு நடந்தது என்பதைத் தெரிவிக்கும் உறுப்பு அட்வெர்பியல் எனப்படும். அட்ஜங்ட் என்பது அதன் முக்கிய வகை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளைக் கற்பிக்கும்போது எழுதப்படும் எஸ், வி, ஓ, சி, ஏ ஆகிய ஐந்து எழுத்துகளில் கடைசியாக வரும் 'ஏ' இந்த உறுப்பையே குறிக்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் ஆகியவற்றை எளிதாக அடையாளம் காணும் மாணவர்கள்கூட இந்த 'ஏ'யில் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றத்துக்கு மாணவர் மட்டும் காரணமல்லர். இலக்கண ஆசிரியர்களே இரண்டாயிரம் ஆண்டுகளாக இதை எங்கே வைப்பது என்று வாதிட்டு வந்துள்ளனர்.

சொல்வகையும் உறுப்பும்

அட்வெர்ப் என்பது ஒரு சொல்வகை. தமிழில் அதை வினையடை என்றும் வினையுரிச்சொல் என்றும் வழங்குவர். அட்வெர்பியல் என்பது வாக்கியத்தில் ஒரு பகுதி செய்யும் வேலை. இரண்டும் ஒன்றல்ல. 'ஷீ கேம் எர்லி' (அவள் சீக்கிரமாக வந்தாள்) என்ற வாக்கியத்தில் 'எர்லி' என்பது வினையடை. அதுவே அட்வெர்பியலாகவும் செயல்படுகிறது. 'ஷீ கேம் இன் தி மார்னிங்' (அவள் காலையில் வந்தாள்) என்பதில் 'இன் தி மார்னிங்' என்ற மூன்று சொற்களில் ஒன்றுகூட வினையடை இல்லை. ஆயினும் அந்தத் தொடர் முழுவதும் அட்வெர்பியலாக நிற்கிறது. 'ஷீ கேம் வென் இட் வாஸ் ரெய்னிங்' (மழை பெய்துகொண்டிருந்தபோது வந்தாள்) என்பதில் ஒரு முழுக் கிளைவாக்கியமே அந்த வேலையைச் செய்கிறது. சொல்வகை வேறு, வேலை வேறு என்ற இந்தத் தெளிவு ஆங்கில இலக்கணத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

'ஏ' எழுப்பும் சிக்கல்

அட்ஜங்டைக் கண்டுபிடிக்க வகுப்பறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் வழி, நீக்கிப் பார்ப்பது. நீக்கியபின்னும் வாக்கியம் குறையின்றி நின்றால் நீக்கப்பட்டது அட்ஜங்ட். 'ரவி ப்ளேஸ் இன் தி கார்டன்' (ரவி தோட்டத்தில் விளையாடுகிறான்) என்பதில் 'இன் தி கார்டன்' என்பதை எடுத்துவிட்டால் 'ரவி ப்ளேஸ்' என்பது தனியே நிற்கும். ஆனால் அதே பாடத்தில் எஸ்.வி.ஏ. என்ற அமைப்புக்கு 'ரவி இஸ் இன் தி கார்டன்' போன்ற வாக்கியமும் எடுத்துக்காட்டாக வரும். இங்கே 'ஏ'யை எடுத்தால் 'ரவி இஸ்' என்று வாக்கியம் முறிந்துவிடும். எஸ்.வி.ஓ.ஏ. அமைப்பிலும் இதே நிலை உண்டு. 'ஷீ புட் தி புக் ஆன் தி டேபிள்' என்பதில் 'ஆன் தி டேபிள்' இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது.

தமிழ் பேசும் மாணவருக்கு இந்தக் குறை காதில் எளிதாகப் படுவதில்லை. 'ரவி தோட்டத்தில் இருக்கிறான்' என்பதில் 'தோட்டத்தில்' என்பதை நீக்கினால் 'ரவி இருக்கிறான்' என்ற இயல்பான தமிழ் வாக்கியம் கிடைக்கிறது. 'அவள் புத்தகத்தை வைத்தாள்' என்பதும் தமிழில் நிற்கும். ஆங்கிலத்தில் இவை நிற்பதில்லை. நீக்கக்கூடியது என்று வரையறுக்கப்பட்ட உறுப்பு, நீக்க முடியாத இடத்திலும் அதே எழுத்தைப் பெற்றது எப்படி என்பதற்கு வரலாற்றில்தான் விடை இருக்கிறது.

கிரேக்க, இலத்தீன் தொடக்கம்

ஐரோப்பிய இலக்கண மரபில் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கும் முறை, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனிசியுஸ் திராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் சிறு கிரேக்க நூலில் காணப்படுகிறது. அங்கே வினையடைக்கு 'எபிர்ரேமா' என்று பெயர். வினையின்மேல் வருவது என்பது அதன் பொருள். காலம், இடம், தன்மை, அளவு, எண்ணிக்கை என்று அதன் உட்பிரிவுகள் நீண்டன. ஆணையிடும் சொற்களும் வியப்புச் சொற்களும்கூட அதற்குள் அடக்கப்பட்டன. வேற்றுமையும் கால உருவமும் ஏற்காத சொற்களில், மற்ற வகைகளில் சேராதவை பலவும் இங்கே வந்து சேர்ந்தன.

இந்தக் குழப்பத்தை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தனர். ஸ்டோயிக் தத்துவவாதிகள் இவ்வகைக்கு 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்ததாக, கி.பி. 4ஆம் நூற்றாண்டு இலத்தீன் இலக்கண ஆசிரியர் கரிசியுஸ் குறிப்பிடுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அப்பொல்லோனியுஸ் திஸ்கொலுஸ் வினையடைகளைப் பற்றி மட்டும் ஒரு தனி நூல் எழுதினார்.

உரோமானியர் கிரேக்கப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து 'அட்வெர்பியும்' என்றனர். ஆங்கிலச் சொல்லான அட்வெர்ப் இதிலிருந்து வந்தது. இலத்தீனில் கிரேக்கத்தில் உள்ளதுபோல் சுட்டிடைச்சொல் இல்லை. எனவே எட்டு வகைகளில் ஓர் இடம் காலியானது. உரோமானியர் வியப்புச் சொற்களை வினையடையிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கினர். எல்லாம் கொட்டப்பட்ட பெட்டியிலிருந்து ஒரு பகுதி வெளியேறிய முதல் நிகழ்வு இது. 4ஆம் நூற்றாண்டில் தொனாத்துஸும், 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டினோப்பிளில் பிரிஸ்கியானும் எழுதிய இலக்கண நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஐரோப்பாவின் பாடநூல்களாக விளங்கின.

பழைய ஆங்கிலத்தில் வினையடை

இங்கிலாந்தில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலத்தீன் கற்கும் மாணவர்களுக்காகப் பழைய ஆங்கிலத்திலேயே ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீன் கலைச்சொற்களுக்கு ஆங்கில விளக்கம் தந்த அவர், வினையடையை 'வினையின் தோழன்' என்ற பொருள்படும் தொடரால் விளக்கினார். வினையோடு சேர்ந்தால்தான் அதற்கு முழுப்பொருள் என்பது அவர் கருத்து.

அக்கால ஆங்கில வினையடைகள் பல வழிகளில் உருவாயின. பெயரடையோடு 'எ' என்ற விகுதி சேர்த்தால் வினையடை கிடைத்தது. பின்னாளில் சொல்லிறுதி உயிர்கள் தேய்ந்தபோது அந்த விகுதி மறைந்தது. பெயரடையும் வினையடையும் ஒரே வடிவம் பெற்றன. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்ற சொற்கள் இன்றும் இரு வகையாகவும் வழங்குவதற்கு இதுவே காரணம். மற்றொரு விகுதி இன்றைய 'லி'யாக நிலைத்தது. உடல், வடிவம் என்ற பொருள் கொண்ட ஒரு பழைய சொல்லிலிருந்து அது பிறந்தது. 'ஹார்ட்' என்பது கடினமாக என்றும், 'ஹார்ட்லி' என்பது அரிதாகவே என்றும் பொருள் பிரிந்தது, இரு விகுதிகளும் அருகருகே வாழ்ந்ததன் விளைவு.

'ஒன்ஸ்', 'ட்வைஸ்', 'ஆல்வேஸ்' ஆகியவற்றின் இறுதியில் ஒலிக்கும் 'ஸ்' ஓசை பழைய ஆறாம் வேற்றுமை உருபின் எச்சம். வேற்றுமை ஏற்ற சொற்கள் வாக்கியத்தில் அட்வெர்பியலாக நின்று நின்று, நாளடைவில் வினையடை என்ற தனிச் சொற்களாக இறுகின. வாக்கியத்தில் வேலை முதலில் தோன்றி, சொல்வகை பின்னர் உருவானதற்கு இவை நல்ல சான்றுகள்.

அச்சுக்கு வந்த இலக்கணங்கள்

ஆங்கில மொழிக்கான முதல் அச்சு இலக்கணத்தை வில்லியம் புல்லோக்கர் 1586இல் வெளியிட்டார். அது இங்கிலாந்துப் பள்ளிகளில் வழங்கிய லில்லியின் இலத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றியது. இலத்தீன் அச்சில் ஆங்கிலத்தை அடைப்பது தவறு என்று கணிதவியலாளர் ஜான் வாலிஸ் 1653இல் வெளியிட்ட இலக்கணத்தில் வாதிட்டார். அந்த நூலையும் அவர் இலத்தீனில்தான் எழுதினார்.

18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் மரியாதையின் அளவுகோலாக மாறியது. 1762இல் இராபர்ட் லௌத் எழுதிய இலக்கணமும், 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய இலக்கணமும் ஒன்பது சொல்வகைகளைக் கூறின. பெயரடையை வினையடையாகப் பயன்படுத்துவதை லௌத் குறையாகக் கருதினார். பழைய விகுதி தேய்ந்ததால் இயல்பாக உருவான வடிவங்களும் இப்பார்வையில் பிழைகளாகத் தோன்றின. 'லி' இல்லாத வினையடை கொச்சை என்ற எண்ணம் இக்காலத்தில்தான் வலுப்பெற்றது.

இந்நூல்கள் அனைத்தும் தனிச்சொல்லையே நோக்கின. 'இன் தி மார்னிங்' என்ற தொடரை ஒரே உறுப்பாகப் பார்க்க அவற்றில் வழியில்லை. 'இன்' முன்னிடைச்சொல், 'தி' சுட்டிடைச்சொல், 'மார்னிங்' பெயர் என்று பிரித்துப் பெயர் சூட்டுவதோடு பாடம் முடிந்தது.

சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு

திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. கார்ல் ஃபெர்டினான்ட் பெக்கர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாக்கியத்தை உறுப்புகளின் சேர்க்கையாகப் பகுத்தார். அவர் முறையை இங்கிலாந்தின் பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மோரெல் 1852இல் வெளியிட்ட வாக்கியப் பகுப்பு நூல் ஆங்கில வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றோடு பயனிலையின் விரிவு என்ற கட்டமும் பகுப்பு அட்டவணையில் இடம்பெற்றது. தனிச்சொல், தொடர், கிளைவாக்கியம் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் அமர முடிந்தது. அமெரிக்காவில் ரீடும் கெல்லாகும் 1877இல் வெளியிட்ட பாடநூல், அடைகளைச் சாய்கோடுகளில் எழுதும் வாக்கிய வரைபடத்தைப் பரப்பியது.

இந்தப் பகுப்பு முறை இந்தியாவுக்கும் வந்தது. வட இந்தியாவில் ஆங்கில அரசின் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்ட் 1890களில் எழுதிய இலக்கண நூல்களும், 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் இந்திய மாணவர்களுக்கு வாக்கியப் பகுப்பைப் பழக்கின.

1904இல் சி. டி. ஆனியன்ஸ் எழுதிய தொடரியல் நூல் ஆங்கிலப் பயனிலையை ஐந்து வடிவங்களில் அடக்கியது. எஸ்.வி., எஸ்.வி.சி., எஸ்.வி.ஓ., இரு செயப்படுபொருள் கொண்ட அமைப்பு, எஸ்.வி.ஓ.சி. என்பவை இன்று அவற்றுக்கு வழங்கும் குறியீடுகள். இவற்றில் 'ஏ' இல்லை. அட்வெர்பியல் எங்கும் வரலாம், எங்கும் வராமலும் போகலாம் என்பதால் அது அமைப்பில் கணக்கிடப்படவில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் இந்த ஐந்து அமைப்புகளே நிலைத்தன.

எஸ்பெர்சனும் தெனியேரும்

அட்ஜங்ட் என்ற சொல் சேர்த்துக் கட்டுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஓட்டோ எஸ்பெர்சன் இச்சொல்லை இன்றைய வழக்கிலிருந்து வேறுபட்ட பொருளில் ஆண்டார். 'வெரி ஹாட் டே' என்ற தொடரை அவர் முறைப்படி பகுத்தால், 'டே' முதல் நிலைச் சொல். அதைத் தழுவும் 'ஹாட்' இரண்டாம் நிலை. அதுவே அட்ஜங்ட். 'ஹாட்' என்பதைத் தழுவும் 'வெரி' மூன்றாம் நிலை. அதற்கு அவர் இட்ட பெயர் சப்ஜங்ட். அதாவது, எஸ்பெர்சனின் அட்ஜங்ட் பெரும்பாலும் பெயரடையின் வேலையைக் குறித்தது. பழைய நூல்களையும் புதிய நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சின் லூசியன் தெனியேர் வேறொரு வழியில் சென்றார். அவர் மறைவுக்குப் பின் 1959இல் வெளியான நூல், வினையை ஒரு சிறு நாடகமாக உருவகித்தது. நாடகத்தில் பாத்திரங்களும் உண்டு, சூழலும் உண்டு. கொடுத்தல் என்ற வினைக்குக் கொடுப்பவர், கொடுக்கப்படும் பொருள், பெறுபவர் ஆகிய மூன்று பாத்திரங்கள் தேவை. நேற்று, சந்தையில், மகிழ்ச்சியாக என்பன சூழல். எத்தனை பாத்திரங்கள் வேண்டும் என்பதை வினையே தீர்மானிக்கிறது, சூழலுக்கு அத்தகைய வரம்பில்லை. வினை கேட்பது, கேட்காமல் வருவது என்ற இந்தப் பிரிவு பிற்கால இலக்கணங்களில் மையமான இடம் பெற்றது.

லண்டன் ஆய்வு

1959இல் ராண்டால்ஃப் குவர்க் ஆங்கில வழக்காற்று ஆய்வைத் தொடங்கினார். அது அடுத்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறியது. பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் 5,000 சொற்கள் கொண்ட 200 பகுதிகளைத் திரட்டி, 10 லட்சம் சொற்களில் உண்மையான வழக்கைக் காண்பது அதன் திட்டம். அந்த ஆய்வில் பங்குகொண்ட சிட்னி கிரீன்பாம், அட்வெர்பியல் வழக்கைப் பற்றி 1969இல் தனி நூல் வெளியிட்டார்.

குவர்க், கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் 1972இல் வெளியிட்ட இலக்கணம் அட்வெர்பியலை மூன்றாகப் பிரித்தது. வாக்கியத்தோடு பிணைந்து நிற்பது அட்ஜங்ட். வாக்கியத்துக்கு வெளியே நின்று, சொல்பவரின் கருத்தையோ தொனியையோ தெரிவிப்பது டிஸ்ஜங்ட். ஒரு வாக்கியத்தை முந்தைய வாக்கியத்தோடு தொடுப்பது கான்ஜங்ட். 'ஷீ ஸ்போக் ஃப்ராங்க்லி' என்றால் அவள் வெளிப்படையாகப் பேசினாள். இது அட்ஜங்ட். 'ஃப்ராங்க்லி, ஐ ஆம் டயர்ட்' என்றால் வெளிப்படையாகச் சொன்னால், எனக்குக் களைப்பாக இருக்கிறது. சொல் ஒன்றுதான், ஆனால் இங்கே அது டிஸ்ஜங்ட். 'ஹௌஎவர்' போன்றவை கான்ஜங்ட். 1985இல் இதே நால்வர் வெளியிட்ட பெரிய இலக்கணம் சப்ஜங்ட் என்ற நான்காம் வகையைச் சேர்த்தது. எஸ்பெர்சனின் சொல் புதிய பொருளில் திரும்பி வந்தது.

1972ஆம் ஆண்டு நூல் மற்றொன்றும் செய்தது. வாக்கிய அமைப்புகளை ஏழாக்கியது. பழைய ஐந்தோடு எஸ்.வி.ஏ., எஸ்.வி.ஓ.ஏ. ஆகிய இரண்டும் சேர்ந்தன. இடத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாத வாக்கியங்கள் உண்டு என்பதால், அத்தகைய அட்வெர்பியலை அமைப்பின் உறுப்பாகவே கணக்கிட்டனர். ஆகவே இந்த ஏழு அமைப்புகளில் வரும் 'ஏ' அட்வெர்பியல் என்பதன் முதலெழுத்து. அது நீக்க முடியாதது என்பதாலேயே அங்கே இடம்பெற்றது. இவர்கள் முறையில் அட்ஜங்ட் என்பது நீக்கத்தக்கது என்று பொருள்படாது. வாக்கியத்தோடு பிணைந்தது என்றே பொருள்படும். கட்டாயமான அட்ஜங்ட் என்று அவர்கள் சொல்வதில் முரண் இல்லை.

கேம்பிரிட்ஜ் இலக்கணம்

2002இல் ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் இருவரின் தலைமையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பெரிய இலக்கணம் கோட்டை வேறிடத்தில் போட்டது. வினை வேண்டுவது காம்ப்ளிமென்ட். மற்றது அட்ஜங்ட். இதன்படி 'ரவி இஸ் இன் தி கார்டன்' என்பதில் 'இன் தி கார்டன்' அட்ஜங்ட் அன்று, காம்ப்ளிமென்ட். வினையடை என்ற பழைய பெட்டியும் மேலும் காலியானது. 'ஹியர்', 'தேர்', 'அவுட்சைட்' போன்றவை முன்னிடைச்சொற்களாயின. 'யெஸ்டர்டே', 'டுமாரோ' ஆகியவை பிரதிப்பெயர்களாயின. உரோமானியர் வியப்புச் சொற்களை வெளியேற்றியதில் தொடங்கிய வேலை இங்கே தொடர்ந்தது.

வகுப்பறைக்கு வெளியே

வினையடை எதைத் தழுவுகிறது என்ற கேள்வி வகுப்பறையோடு நிற்பதில்லை. 'ஹோப்ஃபுல்லி' என்ற சொல் 'நம்பிக்கையோடு' என்ற அட்ஜங்டாக மட்டுமே வரவேண்டும், 'நடக்கும் என நம்பலாம்' என்ற டிஸ்ஜங்டாக வரக்கூடாது என்று 1960கள் முதல் அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 'ஃப்ராங்க்லி'யை அதே இடத்தில் ஏற்ற பலர் இதை ஏற்க மறுத்தனர். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012இல்தான் அதை ஏற்றது.

நீதிமன்றத்தில் இதன் எடை இன்னும் கூடியது. பிறருடைய அடையாள எண்ணைத் தெரிந்தே பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு கூடுதல் சிறை என்று ஓர் அமெரிக்கச் சட்டம் கூறியது. சட்ட வாசகத்தில் இருந்த சொல் 'நோயிங்லி' (தெரிந்தே). பயன்படுத்துவதைத் தெரிந்திருந்தால் போதுமா, அந்த எண் உண்மையில் வேறொருவருக்கு உரியது என்பதும் தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. வினையடையின் எல்லை எங்கே முடிகிறது என்பதில் ஒருவரது இரண்டு ஆண்டுகள் அடங்கியிருந்தன.

'ஏ'க்கு விடை

பாடநூலில் காணும் முரணுக்கு இப்போது காரணம் புலப்படும். எஸ்.வி.ஏ., எஸ்.வி.ஓ.ஏ. என்ற அமைப்புகள் குவர்க் குழுவினர் வகுத்தவை. அங்கே 'ஏ' கட்டாயமாகவும் வரலாம். நீக்கிப் பார்க்கும் சோதனை, வினை கேட்பதையும் கேட்காமல் வருவதையும் பிரிக்கும் மற்றொரு மரபுக்கு உரியது. அந்த மரபில் நீக்க முடியாதது அட்ஜங்டே ஆகாது. இரண்டும் தனித்தனியே ஒழுங்கானவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து, 'ஏ' என்பது அட்ஜங்ட், அட்ஜங்ட் என்பது நீக்கத்தக்கது என்று எழுதும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

தேர்வு எழுதும் மாணவருக்கு இதிலிருந்து எளிய நடைமுறை ஒன்று கிடைக்கிறது. எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற கேள்விக்கு விடையாக வரும் பகுதியை 'ஏ' என்று குறிக்கலாம். அது நீங்குமா என்பது அதன்பின் கேட்க வேண்டிய வேறு கேள்வி. நீங்காவிட்டால், அந்த வினை அதைக் கேட்டு வாங்கியிருக்கிறது என்று பொருள். 'ரவி இஸ் இன் தி கார்டன்' என்பதில் 'இன் தி கார்டன்' நீங்காதபோதும் அதற்கு 'ஏ' என்று எழுதுவது பிழையன்று.